ஐ.சி.யூ.வில் கை சுத்தத்தை மெஷின் எண்ணத் தொடங்கியபோது

12 வருஷமாக ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸ். முன்பெல்லாம் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் சிஸ்டர் நோட்டும் பேனாவுமாக வந்து நிற்பார். அவர் தலை தெரிந்ததும் எல்லார் கையும் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) பாட்டிலுக்குப் போகும். அவர் போன பிறகு என்ன நடக்கிறது என்பது எழுத்தில் வராது. அதனால் கை சுத்தத்தை எண்ணும் பேட்ஜ் வந்தபோது முதலில் ஆதரித்தது நான்தான்.

சட்டையில் மாட்டும் சின்னப் பெட்டி. ஹேண்ட் ரப் டிஸ்பென்சரை அழுத்தினால் பச்சை. அழுத்தாமல் கட்டிலை நெருங்கினால் சிவப்பாகிக் கத்தும். ஒரு நைட் டியூட்டியில் நோயாளிக்கு ஆக்சிஜன் சட்டென்று இறங்க, டிஸ்பென்சரை அழுத்தாமலே ஓடிப்போய் ஆம்பு பேக்கை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) பிடித்தேன். மறுநாள் சுவரில் ஒட்டிய, சிவப்பு வாங்கியவர்கள் லிஸ்ட்டில் என் பெயர். அழுதேவிட்டேன்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது இன்னொன்று. புதிதாகச் சேர்ந்த பொண்ணு யூரின் பேக்கைக் காலி செய்தாள், க்ளவுஸைக் கழற்றிப் போட்டாள், அப்படியே அதே நோயாளியின் கழுத்தில் இருந்த சென்ட்ரல் லைனில் (பெரிய ரத்தநாளத்துக்குள் போகும் குழாய்) மருந்து ஏற்றக் கை நீட்டினாள். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"பச்சைதானே இருக்கு அக்கா?" என்று பேட்ஜைத் தொட்டுக் காட்டினாள்.

பச்சைதான். அவள் கட்டிலை விட்டு நகரவே இல்லையே! எங்கள் மெஷினுக்குத் தெரிவது கட்டிலருகே வருவதும் போவதும் மட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலில் உள்ள 5 தருணங்களில், லைனைத் தொடும் முன், சிறுநீரோ ரத்தமோ படக்கூடிய வேலை முடிந்த பின் என்ற இரண்டும் அதன் கண்ணில் படாது. லைனில் ஏறும் கிருமி நேரே ரத்தத்துக்குப் போகும்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னோம். பெயர் லிஸ்ட்டை எடுத்துவிட்டுக் கட்டில்வாரியாகக் கணக்குப் பார்த்தார். கடைசி இரண்டு கட்டிலில் எப்போதும் சிவப்பு. போய்ப் பார்த்தால் டிஸ்பென்சர் வென்டிலேட்டருக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில்! மாற்றி மாட்டியதும் குறைந்தது. லைன் தொடும் நேரத்தை இன்றும் ஆள் நின்றுதான் பார்க்கிறோம்.

பதில்:

எங்கள் வார்டிலும் இதே கதை, சிஸ்டர். க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியால் பேதி வந்த நோயாளி ஒருவர் இருந்தார். அதன் ஸ்போர் (கெட்டியான உறை போட்டுக்கொண்ட கிருமி) ஹேண்ட் ரப்புக்குச் சாகாது, சோப்புப் போட்டு 40 முதல் 60 நொடி கழுவணும். வாஷ்பேசினில் சென்சார் இல்லை. முறையாகக் கழுவின எங்களுக்குத்தான் சிவப்பு. அங்கேயும் ஒன்று வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை.