டார்கெட்டைப் புறக்கணித்து என்ன கிடைத்தது?

மினசோட்டாக்காரி:
போன வாரம் வேறொரு திரியில் ஒருவர், "நாலு பேர் சோப்பு வாங்காவிட்டால் டார்கெட் மாதிரி அமெரிக்கா முழுக்கக் கடை வைத்திருக்கும் கம்பெனிக்கு என்ன ஆகிவிடும்?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தத் திரி.

கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டை போலீஸ் கொன்றது மினியாபொலிஸில். டார்கெட்டின் தலைமையகமும் அதே ஊர்தான். 2020 மே மாதக் கலவரத்தில் லேக் ஸ்ட்ரீட் கிளை சூறையாடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் புதுப்பித்துத் திறந்தார்கள். அடுத்த ஆண்டு, 2025 முடிவதற்குள் கறுப்பினத்தவர் நடத்தும் நிறுவனங்களுக்கு 200 கோடி டாலருக்கு மேல் செலவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதை நம்பித்தான் எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் அங்கே வாங்கினோம். 2025 ஜனவரி 20இல், இந்த மாதிரிக் கொள்கைகளை எதிர்க்கும் டிரம்ப் பதவியேற்றார். 24ஆம் தேதி, பன்முகத்தன்மைக்காக, அதாவது எல்லா இனத்தவருக்கும் பாலினத்தவருக்கும் இடம் கொடுப்பதற்காக வைத்திருந்த இலக்குகளை முடித்துக்கொள்வதாக டார்கெட் அறிவித்துவிட்டது. பிப்ரவரி 1 முதல் புறக்கணிப்போம் என்று நெக்கிமா லெவி ஆம்ஸ்ட்ராங் போன்ற உள்ளூர்ச் செயற்பாட்டாளர்கள் தலைமையகத்தின் எதிரே நின்று அழைத்தார்கள். நானும் நிறுத்திக்கொண்டேன்.

அந்த முதல் காலாண்டில் ஒப்பீட்டு விற்பனை, அதாவது ஏற்கெனவே நடந்துவரும் கடைகளின் விற்பனை, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 3.8 சதவீதம் சரிந்தது. ஜனவரி அறிவிப்புக்கு வந்த எதிர்ப்பும் ஒரு காரணம் என்று தலைவர் பிரையன் கார்னல் தானே ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் அவர் விலகப்போவதாக அறிவிப்பு வந்தது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
அக்கா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இந்த எண்கள் நீங்கள் சொல்வதை நிரூபிக்கவில்லை.

கார்னல் சொன்ன காரணங்களில் அது ஒன்றுதான். பொருளாதாரத்தின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை மாதக்கணக்கில் குறைந்துவந்தது, இறக்குமதி வரி பற்றிய குழப்பம் இரண்டையும் சேர்த்தே சொன்னார். எதனால் எவ்வளவு சரிவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றும் கம்பெனியே சொன்னது.

கடையின் உள்ளே என்ன விற்கிறது என்று பாருங்கள். டார்கெட்டின் விற்பனையில் உணவும் பானமும் கால் பங்கைத் தொடவில்லை. வால்மார்ட்டின் அமெரிக்கக் கடைகளில் மளிகைதான் ஏறக்குறைய 60 சதவீதம். கையில் காசு இறுகும்போது குடும்பங்கள் முதலில் தள்ளிப்போடுவது திரைச்சீலையையும் புது உடுப்பையும்தான், பாலையும் முட்டையையும் அல்ல. வால்மார்ட்டும் 2024 நவம்பரிலேயே பன்முகத்தன்மைக் கொள்கையிலிருந்து இதே மாதிரிப் பின்வாங்கியது. அடுத்து வந்த 2025 முதல் காலாண்டில் அவர்களுடைய அமெரிக்க விற்பனை 4.5 சதவீதம் கூடியது. கொள்கைக்காக மக்கள் தண்டிக்கிறார்கள் என்றால் அங்கே ஏன் தண்டிக்கவில்லை?

கார்னல் விஷயமும் அப்படித்தான். அவர் 2014இலிருந்தே தலைவராக இருந்தவர். 65 வயதில் ஓய்வு என்ற விதியை 2022இல் அவருக்காகவே எடுத்தார்கள், இன்னும் மூன்று ஆண்டு போல இருப்பதாக அப்போதே பேச்சு. அவர் இடத்துக்கு வந்த மைக்கேல் ஃபிடெல்கியும் வெளியாள் இல்லை, உள்ளேயே வளர்ந்தவர்.

அட்லாண்டா வாசகி:
வால்மார்ட்டை ஏன் தண்டிக்கவில்லை என்ற கேள்விக்கு என் பதில் இது: வால்மார்ட்டிடம் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. விலை குறைவு என்றுதான் அங்கே போனார்கள். டார்கெட், "நாங்கள் உங்கள் பக்கம்" என்பதையே சரக்கோடு சேர்த்து விற்றது. துரோகம் என்று வலித்தது அதனால்தான். நிறுவனர்களில் ஒருவரான புரூஸ் டேட்டனின் மகள்கள் இருவருக்கே அது பொறுக்கவில்லை. கண்டித்துக் கடிதம் எழுதினார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் நியூ பர்த் தேவாலயத்தின் போதகர் ஜமால் பிரையன்ட், தவக்காலம் தொடங்கிய மார்ச் 5 முதல் 40 நாள் "டார்கெட் நோன்பு" என்று அறிவித்தார். நோன்பு என்று சொன்னதும் அது கடை விவகாரமாக இல்லாமல் வழிபாட்டின் பகுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பக்கத்தில் உட்காருபவர்களும் அதே நோன்பில் இருந்தார்கள், தனியாளாக யாரும் தவிக்கவில்லை. கோரிக்கையும் தெளிவாக இருந்தது. 200 கோடி டாலர் வாக்குறுதியைக் காப்பாற்று, கறுப்பின வங்கிகளில் 25 கோடி டாலர் வை, கறுப்பினக் கல்லூரிகளோடு கைகோர்த்து வேலை செய், கைவிட்ட கொள்கையைத் திரும்பக் கொண்டுவா. ஒரே கம்பெனி, நாலு கோரிக்கை. பேருந்தில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து 1955இல் தொடங்கிய மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டமும் அப்படி ஒரே இடத்தில் 381 நாள் நின்றதால்தான் ஜெயித்தது.

கணக்குப்பிள்ளை:
மான்ட்கோமரியை முடித்து வைத்தது நீதிமன்றத் தீர்ப்பு. தீர்ப்பு வரும்வரை மக்களைத் தாங்கிப் பிடித்தது புறக்கணிப்பு. இரண்டும் சேர்ந்து வேலை செய்தன. இங்கே வழக்கு எதிர்ப் பக்கத்திலிருந்துதான் வந்தது. 2023இல் தன்பாலினத்தவர், திருநர்களின் பெருமித மாதத்துக்காக வைத்த சரக்கால் பங்கு விலை விழுந்தது, அந்த அபாயத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று ஒரு பங்குதாரர் சார்பில் புளோரிடாவில் வழக்குப் போட்டார்கள். 2024 டிசம்பரில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். அடுத்த மாதம் கம்பெனி பின்வாங்கியது. எந்த அழுத்தம் அவர்கள் காதில் விழுகிறது என்று யோசியுங்கள்.

தெற்குவாசல்:
நான் 2023இல் டார்கெட்டைப் புறக்கணித்தவன். அந்தப் பெருமித மாதச் சரக்கைக் கடை வாசலிலேயே, என் பிள்ளைகள் கண்ணில் படும்படி அடுக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. போவதை நிறுத்தினேன். அந்தக் காலாண்டில் விற்பனை 5.4 சதவீதம் சரிந்தது, உங்கள் 3.8ஐ விட அதிகம். அப்போது இதே மன்றத்தில் எங்களை வெறுப்பாளர்கள் என்று எழுதினீர்கள். இப்போது நீங்கள் செய்தால் அது நோன்பு. என் காசை எங்கே செலவழிப்பது என்ற உரிமை இரண்டு பேருக்கும் ஒன்றுதானே?

மினசோட்டாக்காரி:
உரிமை ஒன்றுதான், அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் வாங்காமல் இருந்ததை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் 2023இல் நடந்தது அது மட்டும் இல்லை. ஊழியர்களின் பாதுகாப்புக்கு மிரட்டல் வந்தது என்று சொல்லித்தான் கம்பெனி சில பொருட்களை எடுத்தது. கல்லாவில் நிற்கும் பெண்ணை மிரட்டுவதைப் புறக்கணிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்புறம், நீங்கள் கேட்டது இன்னொருவரின் இருப்பைக் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்பது. நாங்கள் கேட்டது கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்பது. இரண்டும் எனக்கு ஒன்றில்லை.

தெற்குவாசல்:
மிரட்டியவர்களை நானும் கண்டிக்கிறேன். மற்றதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

மசாலாக்கடை:
நான் ஒரு சின்ன உணவுப் பொருள் தயாரிப்பாளன். என் பாக்கெட்டுகள் ஒரு பெரிய சங்கிலிக் கடையில் இருக்கின்றன, பெயர் வேண்டாம். இங்கே யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்.

பெரிய கடையின் அலமாரியில் இடம் என்பது நிரந்தரம் இல்லை. ஒரு கிளையில் ஒரு வாரத்தில் எத்தனை பாக்கெட் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். குறைந்தால், அடுத்த முறை அலமாரியை மாற்றி அடுக்கும்போது நம் இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஏன் குறைந்தது என்று கேட்கமாட்டார்கள். நாமோ பெரிய ஆர்டருக்காகக் கடன் வாங்கிச் சரக்கு தயாரித்து வைத்திருப்போம். டார்கெட்டுக்கு 3.8 சதவீதம் என்பது ஒரு காலாண்டு அறிக்கையில் ஒரு வரி. அதே சரிவு என் மாதிரி ஆளுக்குக் கடையை மூடும் நிலை.

கறுப்பினத் தொழில்முனைவரான டாபிதா பிரவுன் இதைத்தான் சொன்னார். அவருடைய பொருட்கள் அப்போது டார்கெட்டில் விற்றன. எல்லோரும் ஒரேயடியாக நிறுத்தினால் முதலில் அடிபடுவது கறுப்பின வணிகர்கள்தான் என்றார். அதற்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள். யாருக்காகப் போராடுகிறோமோ அவர்களில் ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

அட்லாண்டா வாசகி:
கேட்டுக்கொள்ள வேண்டும். திட்டியவர்களுக்காக நான் வெட்கப்படுகிறேன். ஆனால் அண்ணா, சின்ன வணிகர்களைக் காட்டியே கேள்வி கேட்பவர்களின் வாயை அடைக்க நாம் விட்டால், அப்புறம் எந்தப் பெரிய கடையையும் யாரும் தட்டிக்கேட்க முடியாது. அவர்களுடைய சொந்த இணையதளத்தில் நேரடியாக வாங்குங்கள் என்பதுதான் வழி. நான் அப்படித்தான் வாங்குகிறேன்.

மசாலாக்கடை:
நேரடியாக வாங்கினால் எனக்குக் கையில் நிற்பது அதிகம்தான். ஆனால் ஒரு பாக்கெட் அனுப்ப ஆகும் செலவு பாக்கெட்டின் விலையைத் தொட்டுவிடும். மூன்று நான்காகச் சேர்த்து வாங்கினால்தான் கட்டுப்படியாகும். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் மக்களிடம்.

கணக்குப்பிள்ளை:
எனக்கு உண்மையில் கவலை வேறு. டார்கெட்டின் கதையைப் பின்னோக்கிப் பாருங்கள். 2010இல் மினசோட்டா ஆளுநர் தேர்தலில், தன்பாலினத் திருமணத்தை எதிர்த்த டாம் எம்மரை ஆதரித்த அமைப்புக்கு 1,50,000 டாலர் கொடுத்தார்கள். இடதுசாரிகள் புறக்கணித்தார்கள், அப்போதைய தலைவர் மன்னிப்புக் கேட்டார். (அந்தத் தேர்தலில் எம்மரைத் தோற்கடித்தவர் டார்கெட்டைத் தொடங்கிய அதே டேட்டன் குடும்பத்தின் மகன் மார்க் டேட்டன்.) 2016இல் திருநர்கள் தங்கள் பாலினத்துக்குரிய கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்றார்கள். எதிர்ப்பு மனுவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து. கொள்கையைக் கைவிடவில்லை, ஆனால் தனிக் கழிப்பறைகள் கட்ட 2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பிறகு 2023, பிறகு 2025. இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்தால், இனி எந்த நல்ல வாக்கும் கொடுக்காமல் இருப்பதே லாபம் என்றுதான் கம்பெனிகள் கற்றுக்கொள்ளும். நீங்கள் விரும்புவது அதுவா?

மினசோட்டாக்காரி:
இன்னொரு பெரிய சங்கிலிக் கடையான காஸ்ட்கோ அப்படிக் கற்றுக்கொள்ளவில்லையே. டார்கெட் அறிவிப்புக்கு முந்தைய நாள், ஜனவரி 23 அன்று, பன்முகத்தன்மைக் கொள்கையின் அபாயங்களை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்ற தீர்மானம் அங்கே பங்குதாரர் கூட்டத்துக்கு வந்தது. நிர்வாகம் அதை வெளிப்படையாக எதிர்த்தது. 98 சதவீதத்துக்கு மேல் வாக்கு தீர்மானத்துக்கு எதிராக விழுந்தது. அவர்கள் கடையும் நன்றாகத்தான் ஓடுகிறது. இரண்டு பக்கமும் அடிப்பது டார்கெட்டின் கொள்கையை அல்ல, அடிக்கு அடி அது வளைவதை.

ஆனால் மசாலாக்கடை அண்ணா சொன்னது எனக்கு உறைத்தது. நேரடியாக விற்கும் கறுப்பின வணிகர்களின் பட்டியல் ஒன்றைத் தனித் திரியில் போடுகிறேன், சேர்த்து வாங்க வேண்டும் என்ற குறிப்போடு. கணக்குப்பிள்ளை, நீங்கள் ஒன்று செய்யுங்கள். அந்த 200 கோடி டாலர் யாருக்கு எவ்வளவு போனது என்று பட்டியலாக வெளியிடச் சொல்லி, பங்குதாரர் என்ற முறையில் கம்பெனிக்கு எழுதுங்கள். உங்களிடம் பங்கு இருக்கிறது என்று முன்னொரு திரியில் சொல்லியிருந்தீர்கள்.

கணக்குப்பிள்ளை:
இருக்கிறது. எழுதுகிறேன். பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன், அது உங்கள் வாதத்துக்கு உதவினாலும் சரி, என் வாதத்துக்கு உதவினாலும் சரி.