மறுமொழி: மின்னஞ்சல் மென்பொருளுக்கு ‘அஞ்சல் கையாளி’

வணக்கம். பல்கலைக்கழகக் கையேட்டின் வரைவில், மின்னஞ்சலைப் படிக்கவும் எழுதவும் உதவும் மென்பொருளுக்குத் (email client) தமிழ்ச் சொல் தேடுகிறோம். மடல்களை வைத்திருக்கும் மையக் கணினியான ‘வழங்கி’யை (server) ஒட்டி இப்படி ஒரு பரிந்துரை வந்தது:

> ‘வழங்கி’க்கு இணையாக ‘வாங்கி’ என்றே வைத்துவிடலாமே. சொல்லவும் எளிது.

ஐயா, ஓசைப் பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் பல்கலைக்கழகக் கையேட்டில் தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்றவற்றுக்குப் பொதுச்சொல்லாக ‘வாங்கி’ வேண்டாம். அது பாப்3 (POP3) என்ற பழைய மடல் நெறிமுறையின் காலத்து வேலையை மட்டுமே சொல்கிறது.

பாப்3 முறையில் மென்பொருள் வழங்கியிலிருந்து மடல்களை இறக்கிக்கொள்ளும். பெரும்பாலும் அங்கே இருந்ததை அழித்தும் விடும். 1988-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் எழுதிய யூடோரா என்ற மின்னஞ்சல் மென்பொருள் இந்த முறையில்தான் பரவியது. ஆளுக்கொரு கணினி இருந்தால் அது போதும். மாணவருக்கு அப்படியா? காலையில் ஆய்வகக் கணினி, மாலையில் நூலகம், இரவில் விடுதியில் மடிக்கணினி. ஆய்வகத்தில் இறக்கிய மடல் விடுதியில் கிடைக்காது. மடல் வழங்கியிலேயே இருக்க வேண்டும், எங்கிருந்தும் அதைக் கையாள வேண்டும் என்றுதான் 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் ஐமேப் (IMAP) என்ற நெறிமுறையை வடிவமைத்தார்.

ஐமேப்பில் அழித்தல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வழங்கியில் உள்ள மடலின்மேல் முதலில் ‘அழிக்கப்பட்டது’ என்ற கொடி (flag), அதாவது ஓர் அடையாளக் குறி, ஏறும். அதற்கப்புறம் இன்னோர் ஆணை போனால்தான் மடல் உண்மையில் நீங்கும். படித்தது, பதில் எழுதியது எல்லாமே இப்படிக் கொடிகள்தாம். மென்பொருள் எதையும் வாங்கி வைத்துக்கொண்டு இதைச் செய்வதில்லை; இருக்கும் இடத்திலேயே கையாள்கிறது. எனவேதான் ‘அஞ்சல் கையாளி’ என்கிறேன். ‘கையாள்’ என்பதன் கெட்ட பொருள் நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம். ‘கோப்புகளைக் கையாளுதல்’ என்று அலுவலகங்களில் தினமும் எழுதுகிறோம். அந்த வழக்கு இதைத் தாங்கும்.

‘உலாவி’ போல ஒற்றைச்சொல்லாக ‘அஞ்சலி’ என்றும் ஒரு பரிந்துரை வந்தது. இரங்கல் அறிவிப்பில் வரும் சொல், வேண்டாம்.

மென்பொருள் தேர்வில் தண்டர்பேர்டை முதலில் வைத்திருப்பது மிகச் சரி. கட்டணமில்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இவற்றைவிட முக்கியமானது ஒன்று வரைவில் விடுபட்டிருக்கிறது. படிப்பு முடிந்து கணக்கு மூடப்படுமுன் மாணவர் தம் மடல்களைத் தம் கணினியில் உள்ள கோப்புறைக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். தண்டர்பேர்ட் அவற்றை எம்பாக்ஸ் (mbox) என்ற வடிவில் கோப்பாகச் சேமிக்கும். வேறு பல மென்பொருள்களும் அதைத் திறக்கும். ஆய்வு நெறியாளரோடு ஆண்டுக்கணக்கில் நடந்த மடல் போக்குவரத்து முழுவதும் அதில்தானே இருக்கிறது! இதற்குக் கையேட்டில் ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியே ஆக வேண்டும், படங்களோடு.

இன்னொரு சொல்லும் தீர வேண்டும். வழங்கிகளுக்கிடையே மடலைக் கொண்டுசெல்லும் மென்பொருளை வரைவு ‘அஞ்சல் கடத்தி’ என்கிறது. கடத்தல்காரரை நினைவூட்டும் அந்தச் சொல் ‘கையாளி’க்குப் பக்கத்திலேயே வருவதால் ‘அஞ்சல் செலுத்தி’ என்று மாற்றலாமா? இரண்டையும் சேர்த்தே முடிவுசெய்வோம்.