அவசரம்: வைஃபை இருக்கு, ஆனா பேங்க் தளம் சில நேரம் மட்டும் ‘பாதுகாப்பற்றது’ன்னு வருது

விரைவு22 | காலை 9:12

லேப்டாப்ல பேங்க் தளத்தைத் திறந்தா சிவப்பா ஒரு எச்சரிக்கைப் பக்கம் வருது. ரெண்டு நாளா இப்படித்தான். சில நேரம் சரியா திறக்குது, சில நேரம் இல்ல. வேற ஒன்னு ரெண்டு தளமும் இப்படி ஆச்சு. பிரின்டரும் திடீர்னு காணாமப் போகுது. மொபைல்ல எல்லாம் நல்லா ஓடுது, அதனால நெட் பிரச்சினை இல்ல. ரவுட்டரை அஞ்சு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். மதியத்துக்குள்ள பணம் அனுப்பணும். யாராவது சொல்லுங்க.

செவ்வந்தி | காலை 9:19

முதல்ல லேப்டாப்பில் தேதி, ஆண்டு, நேரம் சரியா என்று பாருங்கள். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடிகாரம் தப்பாக இருந்தால் நல்ல சான்றிதழையும் பிரவுசர் ஏற்காது.

பிறகு இவற்றைச் சொல்லுங்கள்: எந்த விண்டோஸ்? எந்தப் பிரவுசர்? லேப்டாப் கேபிளில் இருக்கிறதா, வைஃபையிலா? எச்சரிக்கைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பிழைக்குறி இருக்குமே, அது என்ன?

இணையன் | காலை 9:24

டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை ஐபி முகவரியா மாத்தித் தர்ற சேவை) கூகுளோட 8.8.8.8 ஆக்குங்க. முடிஞ்சது.

தணல் | காலை 9:31

எம்டியு (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) பிரச்சினை மாதிரி தெரியுது. பயனர்பெயர் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகை இணைப்பில் 8 பைட் தலைப்புக்குப் போய்விடும், 1500-க்குப் பதில் 1492 வைக்க வேண்டும். ரவுட்டரில் வான் (வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் மாற்றிப் பாருங்கள். சில தளம் திறக்கும் சில தளம் திறக்காது என்றால் பெரும்பாலும் இதுதான்.

மூத்தகணு | காலை 9:40

மூன்று பேர் மூன்று மருந்து எழுதியாகிவிட்டது, நோய் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. கேட்பவருக்கும் கேட்கத் தெரியவில்லை. ‘நெட் பிரச்சினை இல்ல’ என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டால் நாங்கள் எதற்கு? ரவுட்டர் எது, இயங்குதளம் எது, பிழைக்குறி எது என்று எழுதாமல் கேட்காதீர்கள் என்று இங்கே பலமுறை சொல்லியாகிவிட்டது.

எம்டியு தப்பாக இருந்தால் பக்கம் பாதியில் நிற்கும், காத்திருந்து காலாவதியாகும். சான்றிதழ் எச்சரிக்கை வராது. அதை விட்டுவிடலாம்.

செவ்வந்தி | காலை 9:46

அவர் அவசரத்தில் எழுதியிருக்கிறார், விடுங்கள். பிழைக்குறி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முடிவில் ‘டேட் இன்வேலிட்’ என்றால் கடிகாரமாகவோ காலாவதியான சான்றிதழாகவோ இருக்கும். ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ என்றால் ஆன்டிவைரஸ் இடையில் புகுந்து தன் சான்றிதழைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ‘காமன் நேம் இன்வேலிட்’ என்றால் நீங்கள் கேட்ட பெயர் வேறு, பதில் சொல்லும் சர்வரின் பெயர் வேறு. மூன்றிலும் கவலைக்குரியது அதுதான்.

விரைவு22 | காலை 10:05

தேதி நேரம் சரியா இருக்கு. விண்டோஸ் 11, வைஃபை, குரோம். குறி: காமன் நேம் இன்வேலிட். ஃபயர்ஃபாக்ஸ்ல திறந்தா ஒன்னும் சொல்லல, நேரா பேங்க் பக்கம் வருது. அப்ப குரோமை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டா சரியாகுமா?

நெய்தல்7 | காலை 10:14

குரோமை அழிக்க வேண்டாம். பணமும் இந்த லேப்டாப்பிலிருந்து அனுப்ப வேண்டாம். அவசரமென்றால் மொபைலில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் வங்கிச் செயலி வழியாக அனுப்புங்கள். அதற்கு அப்புறம் இதைப் பார்க்கலாம்.

ஒரே லேப்டாப்பில் ஒரு பிரவுசர் சரி, இன்னொன்று தப்பு. மொபைலும் சரி. இது பெயரை முகவரியாக மாற்றும் இடத்தைத்தான் காட்டுகிறது. ஃபயர்ஃபாக்ஸில் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ இயங்கினால் அது ரவுட்டர் கொடுத்த டிஎன்எஸ்ஸைக் கேட்காது. 443-ஆம் போர்ட் (ஒவ்வொரு வகைச் சேவைக்கும் உள்ள இணைப்பு எண்) வழியாக, மறையாக்கத்தோடு, தன் சேவையிடமே போய்க் கேட்கும். ஆண்ட்ராய்டு 9 முதல் ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ என்று ஓர் அமைப்பு உண்டு, அது 853-ஆம் போர்ட்டில் போகும். உங்கள் மொபைலில் அங்கே ஏதாவது சேவையின் பெயர் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பிறகு லேப்டாப்பில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ அடித்து, வைஃபை அடாப்டர் பகுதியில் மூன்று வரிகளை மட்டும் எழுதுங்கள்: ஐபிவி4 முகவரி (லேப்டாப்பின் முகவரி), டிஃபால்ட் கேட்வே (இணையத்துக்கு வழிவிடும் ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் சர்வர்கள். கோளாறு நடக்கும் நேரத்தில் அடியுங்கள். சரியாக இருக்கும்போது எடுத்தால் பயனில்லை.

இணையன் | காலை 10:17

அப்ப நான் சொன்னதும் டிஎன்எஸ்தானே.

நெய்தல்7 | காலை 10:22

இடம் சரி, மருந்து போதாது. லேப்டாப்பில் 8.8.8.8 என்று எழுதினாலும், நடுவில் இருக்கும் ரவுட்டர் 53-ஆம் போர்ட் வழியாகப் போகிற கேள்விகளைப் பிடித்துத் தானே பதில் சொல்ல முடியும். சாதா டிஎன்எஸ் கேள்வி மறையாக்கம் இல்லாமல் போகிறது. பிடிக்காவிட்டாலும், அந்த லேப்டாப்பில் மட்டும்தான் எச்சரிக்கை மறையும். டிவி, டேப்லெட் எல்லாம் அதே பொய்யான டிஎன்எஸ்ஸில்தான் தொடரும். அறிகுறியை மூடிவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

விரைவு22 | காலை 11:02

மொபைல்ல தனிப்பட்ட டிஎன்எஸ் இருக்கு, விளம்பரம் வராம இருக்க எப்பவோ போட்டது.

ஐபிவி4 192.168.0.104
கேட்வே 192.168.0.1
டிஎன்எஸ் [நீக்கப்பட்டது]

இதை உள் ரூம்ல உக்காந்து எடுத்தேன். ஹால்ல வந்து அடிச்சா கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ்ஸும் 192.168.1.1. ஹால்ல எச்சரிக்கை வரல.

_மட்டுறுத்துநர்: உள் அறையில் வந்த டிஎன்எஸ் முகவரியை நீக்கியிருக்கிறேன். ஆர்வத்தில் யாரும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்._

செவ்வந்தி | காலை 11:08

ஒரு வீட்டில் இரண்டு கேட்வே! உள் அறையில் இன்னொரு ரவுட்டர் இருக்கிறதா?

விரைவு22 | காலை 11:11

ஆமா, பழைய ரவுட்டர். சிக்னல் வரலன்னு ரெண்டு நாளைக்கு முன்னாடி ஹால் ரவுட்டர்லேருந்து கேபிள் இழுத்து மாட்டினேன். அதே வைஃபை பேர், அதே பாஸ்வேர்டு. அதுவுமா காரணம்?

மூத்தகணு | காலை 11:20

இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் வீண்.

ஆனால் ‘ரவுட்டர் தாக்கப்பட்டது’ என்று இப்போது எல்லோரும் கிளம்புவீர்கள், அதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பழைய ரவுட்டர் ஹால் ரவுட்டருக்கு உள்ளே இருக்கிறது. நாட் (வீட்டுச் சாதனங்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைக்கும் ரவுட்டர் வசதி) இருக்கும்போது வெளியிலிருந்து அதைத் தொட முடியாது. எனவே தொற்று லேப்டாப்பில்தான். விண்டோஸைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள்.

நெய்தல்7 | காலை 11:33

இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதே லேப்டாப், அதே அடாப்டர். ஹாலில் டிஎன்எஸ் 192.168.1.1 என்று சரியாக வருகிறது. லேப்டாப்பில் யாரோ டிஎன்எஸ்ஸை எழுதி வைத்திருந்தால் ஹாலிலும் அதே பொய் முகவரி வந்திருக்கும். அறை மாறினால் மாறுகிறது என்றால் அதைக் கொடுப்பது அந்த அறை ரவுட்டரின் டிஹெச்சிபி, அதாவது சாதனங்களுக்கு முகவரியும் டிஎன்எஸ்ஸும் பங்கிடும் பகுதி.

வெளியிலிருந்து தொட முடியாது என்பதும் முழு உண்மை அல்ல. அந்த ரவுட்டர் முன்பு நேரடியாக இணையத்தில் இருந்தது. அப்போது மாற்றப்பட்ட அமைப்பு மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் அப்படியே கிடக்கும், அலமாரியில் வைத்து எடுத்தாலும் போகாது. இரண்டாவது வழி பிரவுசர். கெட்ட விளம்பரமோ பக்கமோ உங்கள் பிரவுசரையே கொண்டு 192.168.0.1-க்கு ‘டிஎன்எஸ்ஸை மாற்று’ என்று ஒரு கோரிக்கை அனுப்ப வைக்கும். நிர்வாகக் கடவுச்சொல் தொழிற்சாலையில் வந்தபடியே ‘அட்மின்’ என்று இருந்து, மென்பொருளும் பழையதாக இருந்தால் அது பலித்துவிடும். கோரிக்கை உள்ளேயிருந்து கிளம்புவதால் நாட் அதைத் தடுக்காது.

மூத்தகணு | காலை 11:45

டிஎன்எஸ்ஸை மாற்றும் டிஎன்எஸ்சேஞ்சர் என்ற பழைய நச்சுநிரல் கணினியையும் மாற்றியது, ரவுட்டரையும் மாற்றியது. 2011 நவம்பரில் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்த பிறகும் மாற்றுச் சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓட்ட வேண்டியிருந்தது, உடனே நிறுத்தினால் தொற்றியவர்களுக்கெல்லாம் இணையம் போய்விடும் என்பதால். ரவுட்டரை மட்டும் பார்த்துவிட்டு லேப்டாப்பை விட்டுவிடுவது அரைவேலை.

நெய்தல்7 | காலை 11:51

லேப்டாப்பையும் முழு ஸ்கேன் செய்யச் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. சான்று இல்லாமல் விண்டோஸைத் துடைக்கச் சொல்வதில்தான் மறுப்பு.

தணல் | மதியம் 12:02

ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலே போய்விடும் என்று கேள்விப்பட்டேனே?

செவ்வந்தி | மதியம் 12:10

மின்சாரம் போனால் அழியும் ரேமில் மட்டும் வாழும் நச்சுநிரல் போகும். மாற்றி எழுதப்பட்ட டிஎன்எஸ் அமைப்பு போகாது. 2018-இல் ரவுட்டர்களைத் தாக்கிய விபிஎன்ஃபில்டர் என்ற நச்சுநிரல் வந்தபோது ரவுட்டர்களை ரீபூட் செய்யச் சொன்னார்கள், ஆனால் அதன் முதல் கட்டம் ரீபூட்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தது. அதனால் ஃபேக்டரி ரீசெட் தேவைப்பட்டது. மேலும் விரைவு22 அஞ்சு தடவை அணைத்துப் போட்டது ஹால் ரவுட்டரையாக இருக்கும்.

பிரின்டர் காணாமல் போவதும் இந்த இரண்டாம் ரவுட்டரால்தான். அது 192.168.1 வலையில் இருக்கிறது. உள் அறைக்குப் போனால் லேப்டாப் 192.168.0 வலைக்கு மாறிவிடுகிறது. பிரின்டரைத் தேடும் அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டாது.

நெய்தல்7 | மதியம் 12:34

விரைவு22, இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் ரவுட்டர் பக்கத்துக்குள்ளேயே போக முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

ஹாலிலிருந்து பழைய ரவுட்டருக்கு வரும் கேபிளை முதலில் கழற்றுங்கள். அதன் அடியில் மாடல் எண்ணோடு வன்பொருள் பதிப்பு எண்ணும் இருக்கும். ஹால் வைஃபையில் இருந்தபடி, தயாரிப்பாளர் தளத்திலிருந்து அந்தப் பதிப்புக்கான புதிய ஃபர்ம்வேரை (ரவுட்டரின் உள் மென்பொருளை) இறக்கி வையுங்கள். பதிப்பு மாறிய கோப்பை ஏற்றினால் ரவுட்டர் செத்துவிடலாம். பல ஆண்டுகளாகப் புதுப்பிப்பே வரவில்லை என்றால் இங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பெட்டியை மறுபடி மாட்டாதீர்கள்.

கோப்பு கிடைத்தால், ரவுட்டர் ஓடும்போதே ரீசெட் துளையில் ஊசியால் 10 முதல் 15 விநாடி அழுத்துங்கள். பல மாடல்களில் அப்போது விளக்குகள் மினுக்கும். லேப்டாப்பின் வைஃபையை அணைத்து, பழைய ரவுட்டரின் லான் (வீட்டுச் சாதனங்களுக்கான) போர்ட் ஒன்றில் கேபிளால் இணைத்து 192.168.0.1 திறங்கள். ஃபர்ம்வேரை ஏற்றி, அது தானே எழுந்திருக்கும்வரை மின்சாரத்தைத் தொடாதீர்கள். பிறகு நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல்லையே இதற்கும் போட வேண்டாம். டபிள்யூபிஎஸ்ஸும் (கடவுச்சொல் அடிக்காமலே வைஃபையில் சேரும் வசதி) தொலைநிர்வாகமும் ஆஃப். வைஃபைக்கு மறையாக்க முறை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், அல்லது அதற்கு மேல்.

மெனுவில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (தனி வலை அமைக்காமல் ஹால் வலையையே வைஃபையாகப் பரப்பும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் கையால்:

1. ஹால் ரவுட்டரில் டிஹெச்சிபி வரம்பை 192.168.1.100-இலிருந்து தொடங்க வையுங்கள்.
2. பழைய ரவுட்டரின் லான் முகவரியை 192.168.1.2, மாஸ்க் 255.255.255.0 ஆக்குங்கள். அது ரீபூட் ஆகும். புதிய முகவரியில் மறுபடி நுழையுங்கள்.
3. கடைசியாக டிஹெச்சிபி சர்வரை அணையுங்கள். அதற்கு அப்புறம் லேப்டாப் தனக்குத் தானே 169.254-இல் தொடங்கும் முகவரி வைத்துக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம்.
4. ஹால் ரவுட்டரின் லான் போர்ட்டிலிருந்து பழைய ரவுட்டரின் லான் போர்ட்டுக்குக் கேபிள். வான் போர்ட் காலியாக இருக்க வேண்டும்.

டிஹெச்சிபியை அணைக்க மறந்து லானில் மாட்டினால் முன்பைவிட மோசம். இரண்டு சர்வரும் போட்டி போடும், முதலில் பதில் சொன்னவரின் முகவரி சாதனத்துக்குப் போகும். அப்புறம் ஹாலிலும் இதே தொல்லை வரும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒரு ரவுட்டர் சேனல் 1 என்றால் மற்றது 6 அல்லது 11, அப்போது ஒன்றையொன்று இடிக்காது. எல்லாம் முடிந்ததும் உள் அறையில் ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’, ‘/ரிலீஸ்’, ‘/ரினியூ’. கேட்வே 192.168.1.1 என்று வர வேண்டும். ஹால் ரவுட்டரின் டிஎன்எஸ் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள், அங்கேயும் அதே தெரியாத முகவரி இருக்கக் கூடாது.

செவ்வந்தி | மதியம் 12:41

ஒரு கேள்வி பாக்கி. அந்தச் சிவப்புப் பக்கத்தில் ‘மேம்பட்டவை’ திறந்து ‘தொடர்க’ அழுத்தினீர்களா? அதற்கு அப்புறம் வந்த பக்கத்தில் பயனர்பெயர், கடவுச்சொல் ஏதாவது அடித்தீர்களா?

இணையன் | மதியம் 12:50

பேங்க் தளம்னா ‘தொடர்க’வே வராதே?

செவ்வந்தி | மதியம் 12:56

தளம் ஹெச்எஸ்டிஎஸ் (பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திற என்று பிரவுசருக்குச் சொல்லும் கட்டளை) வைத்திருந்து பிரவுசருக்கு அது தெரிந்திருந்தால் வராது. இல்லாத தளங்களில் வரும். அதனால்தான் கேட்கிறேன்.

விரைவு22 | மாலை 6:48

பழைய ரவுட்டருக்கு அப்டேட் எதுவும் இல்ல, கழட்டி வெச்சுட்டேன். எச்சரிக்கை வரல, பிரின்டரும் வந்துடுச்சு. பணம் மொபைல் டேட்டால அனுப்பிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

செவ்வந்தி | மாலை 7:03

நல்லது. ‘தொடர்க’ அழுத்தினீர்களா என்று இன்னும் சொல்லவில்லை. அழுத்தியிருந்தால் இன்றைக்கே வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வங்கிக்கும் தெரிவித்துவிடுங்கள். அதே கடவுச்சொல் மின்னஞ்சலுக்கும் இருந்தால் மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள். அந்த ரெண்டு நாளில் உள் அறையில் வேறு யார் எந்த டேப்லெட்டில் எதில் உள்நுழைந்தார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.

செவ்வந்தி | மறுநாள் காலை 8:30

விரைவு22, பார்த்தீர்களா?