அக்காமாரின் தோள்பட்டைக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?

வணக்கம் உறவுகளே. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் சிறிய உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறோம். இளைஞர்களுக்கென்று 30 நாள் சவால் வைத்தோம். கொழுந்து பறிக்கும் அக்காமார் ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவ்வளவு சந்தோசம்!

குந்தி எழுவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் கையைத் தலைக்குமேல் நீட்டச் சொன்னால் காதோரத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்குமேல் இடுப்புதான் வளைகிறது. வருடக்கணக்காகக் கூடைக்கயிறு இழுத்த கழுத்து அல்லவா! எடை தூக்குவதை நிறுத்திவிட்டு, சுவரில் முதுகை ஒட்டிக் கையை மெல்ல உயர்த்தும் பயிற்சியும், ரப்பர் பட்டியை மார்புக்கு இழுக்கும் பயிற்சியும் மட்டும் வாரம் 2 நாள் தருகிறேன். மலையேறிக் களைத்து வருகிறவர்களுக்கு அதற்குமேல் கொடுக்க மனம் வரவில்லை.

இயன் மருத்துவம் (பிசியோதெரபி) படித்தவர்கள் சொல்லுங்கள்: எந்த அறிகுறியைப் பார்த்து எடை சேர்க்கலாம்? பாவிக்காத 2 கிலோ டம்பெல் யாரிடமாவது இருந்தால் ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.