மாலை 6 மணிக்கு மேல் கம்ப்யூட்டருக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) கிடைப்பதில்லை, ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது. ஏன்?

தட்டச்சு_மாஸ்டர்:
வணக்கம். சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். 12 டெஸ்க்டாப், ஒரு பிரிண்டர், ஒரே ரூட்டர். மாணவர்களுக்கும் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறோம். மதியம் வரை ஒரு குறையும் இல்லை. மாலை பேட்ச் வந்து உட்கார்ந்ததும் நாலைந்து கம்ப்யூட்டரில் நெட் வராது. எந்த நாலு என்றும் சொல்ல முடியாது, தினமும் மாறுகிறது. சில போன்களும் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்று சுற்றிக்கொண்டே நிற்கின்றன.

நெட் வராத கம்ப்யூட்டரில் முகவரியைப் பார்க்க ஐபிகான்ஃபிக் கட்டளை போட்டால் 169.254.37.112 என்று காட்டுகிறது. பக்கத்தில் நன்றாக ஓடுவதில் 192.168.1.108. முகவரியைத் திரும்பக் கேட்க ரினியூ கொடுத்தால் வெகுநேரம் யோசித்துவிட்டு, டிஹெச்சிபி சர்வரை (ரூட்டரில் முகவரி பங்கிடும் பகுதி) தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது.

ரூட்டர் பரண்மேல் இருக்கிறது. தினமும் ஸ்டூல் போட்டு ஏறி அணைத்துப் போடுகிறேன், உடனே சரியாகிவிடும். ஆனால் அதன்பிறகு சில நாள் ‘இதே முகவரியை வேறொரு கணினியும் பயன்படுத்துகிறது’ என்று புதிதாக ஒரு செய்தி வருகிறது. ரூட்டரையே மாற்றிவிடலாமா?

குமிழ்விளக்கு:
எதற்குச் செலவு? எல்லாவற்றிலும் ஐபியைக் கையால் போட்டுவிடுங்கள். 192.168.1.200 என்று ஒன்றில் போட்டுப் பாருங்கள்.

தட்டச்சு_மாஸ்டர்:
போட்டேன் சார், நெட் வந்துவிட்டது! ஆனால் மாணவர்களின் போனில் எல்லாம் இப்படிப் போட முடியாதே.

நீலக்கேபிள்:
அந்தச் சோதனை நல்ல சோதனை. கேபிள், ரூட்டர், லைன் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றன, முகவரி பங்கிடுவதில்தான் சிக்கல் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

169.254 என்று தொடங்குவது ரூட்டர் கொடுத்ததல்ல. கேட்டுக் கேட்டுப் பதில் வராததால் விண்டோஸ் தானே போட்டுக்கொண்டது. கம்ப்யூட்டரைப் போட்டதும் அதற்குத் தன் முகவரியும் தெரியாது, ரூட்டரின் முகவரியும் தெரியாது. அதனால் 0.0.0.0 என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, 255.255.255.255 என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி ‘முகவரி கொடுக்க யாராவது உண்டா’ என்று கூவும். இது டிஸ்கவர். ரூட்டர் ‘192.168.1.108 காலி, வேண்டுமா’ என்னும், அது ஆஃபர். ‘சரி, அதையே கொடு’ என்பது ரிக்வெஸ்ட். ‘எடுத்துக்கொள், இத்தனை மணி நேரத்துக்கு’ என்பது அக். கடைசியில் வரும் அந்த ‘இத்தனை மணி நேரம்’தான் லீஸ். உங்கள் வில்லன் அதுதான் என்று நினைக்கிறேன்.

ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் தொடக்க முகவரி, முடிவு முகவரி, லீஸ் நேரம் மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். வைஃபை பெயர் ஒன்றா இரண்டா?

தட்டச்சு_மாஸ்டர்:
192.168.1.100 முதல் 149 வரை. லீஸ் 1440 நிமிடம். வைஃபை இரண்டு பெயரில் வருகிறது, 5ஜி என்று தனியாக ஒன்று. பிரிண்டருக்குக் கையால் 192.168.1.30 போட்டிருக்கிறேன்.

நீலக்கேபிள்:
அதேதான். 100 முதல் 149 வரை மொத்தம் 50 முகவரி, சைக்கிள் ஸ்டாண்டில் 50 டோக்கன் மாதிரி. காலையில் வந்த பையன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், டோக்கனைத் திருப்பித் தரவில்லை. போன்கள் பெரும்பாலும் சொல்லாமல்தான் கிளம்பும். 24 மணி நேரம் ஆகும்வரை ரூட்டர் அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்காது. போதாக்குறைக்கு, இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வெவ்வேறு மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) காட்டும். ஒரே போன் இரண்டு பெயரிலும் சேர்ந்தால் இரண்டு டோக்கன் போச்சு. மாலைக்குள் 50ம் தீர்ந்துவிடும்.

அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது என்றால், இந்த வகை ரூட்டர்கள் பலவற்றில் கொடுத்த கணக்கு அழிந்துவிடும். கணக்குத்தான் அழியும், ஏற்கெனவே முகவரி வாங்கிய கம்ப்யூட்டர் அதை விடாமல் வைத்திருக்கும். அதே எண்ணை ரூட்டர் வேறொருவருக்கும் நீட்டும்போதுதான் உங்களுக்கு அந்த மோதல் செய்தி.

லீஸை 120 நிமிடமாக்குங்கள். பாதி நேரம் போனதுமே கம்ப்யூட்டர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் அறுபடாது. முகவரிகளை 51 முதல் 230 வரை விரியுங்கள், 180 கிடைக்கும். ஆசைப்பட்டு 20இலிருந்து தொடங்கிவிடாதீர்கள், பிரிண்டரின் 30 உள்ளே மாட்டும். சோதனைக்குப் போட்ட 200ஐயும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு ரூட்டரைக் கடைசியாக ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

குமிழ்விளக்கு:
நான் கையால் போடச் சொன்னதும் அதே 51–230க்குள் வந்து மோதியிருக்கும் போல. நல்லவேளை.

தட்டச்சு_மாஸ்டர்:
நாலு நாள் ஆகிறது, ஸ்டூலுக்கு வேலை இல்லை. நேற்று இரவு 7 மணிக்குப் பட்டியலில் 38 பெயர்தான் இருந்தது. மிக்க நன்றி அண்ணா. ஒரே ஒரு சந்தேகம்: அதில் ‘டிவி’ என்று ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் சென்டரில் டிவி கிடையாது.

நீலக்கேபிள்:
மாடியிலோ பக்கத்துக் கடையிலோ யாரோ ஓசியில் படம் பார்க்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள்.