சோஃபாவில் விரித்த துணி நழுவிக்கொண்டே இருக்கிறது: நிற்கச் செய்வது எப்படி?

கேள்வி

வணக்கம். எங்கள் வரவேற்பறையில் உள்ள மூவர் அமரும் ரெக்சின் சோஃபாவின் சட்டமும் ஃபோமும் இன்னும் உறுதியாகவே இருக்கின்றன. ஆனால் இருக்கையின் நடுப்பகுதியிலும் இரு கைப்பிடிகளிலும் மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்து, உட்காருபவர்களின் உடையில் ஒட்டிக்கொள்கிறது. புதிய உறை தைக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லாததால், 60க்கு 90 அங்குல அளவுள்ள கெட்டியான பருத்தி விரிப்பு ஒன்றைத் துவைத்து, அதன் நீளம் சோஃபாவின் நீளத்தோடு செல்லுமாறு விரித்திருக்கிறேன். விரித்தவுடன் அறையே புதிதானதுபோல் இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து எழுந்தால் போதும், சாய்மானத்தின் மேலிருக்கும் பகுதி சரிந்து இறங்கி, துணி முழுவதும் இருக்கையில் சுருண்டு கிடக்கிறது. சோஃபாவின் மொத்த நீளம் 78 அங்குலம். கைப்பிடிகளுக்கு இடைப்பட்ட இடம் 62. வேறு துணி வாங்க வேண்டுமா, அல்லது இதையே நிற்கச் செய்ய வழி உண்டா?

பதில் 1

வேறு துணி வேண்டாம். இதையே திருப்பிப் போடுங்கள்.

ஒருவர் உட்காரும்போது ஃபோம் அமுங்குவதால் துணி கீழே இழுபடுகிறது. எழுந்ததும் ஃபோம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது, இறங்கிய துணி திரும்ப ஏறுவதில்லை. ரெக்சின் வழுக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இறங்கும். இதைத் தாங்க, சாய்மானமும் இருக்கையும் சேரும் இடுக்கில் தாராளமாகத் துணி இருக்க வேண்டும். சாய்மானத்தின் மேல்விளிம்பைத் தாண்டிப் பின்னால் மடங்க 12 அங்குலம், சாய்மானத்தின் முன்பக்கத்திற்கு 20, இடுக்குக்குள் இறங்கி ஏற 16, இருக்கைக்கு 22, முன்னால் தொங்க 14 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 84 ஆகிறது. உங்கள் சோஃபாவில் இந்த அளவுகள் சற்றுக் கூடலாம், குறையலாம். டேப்பை இடுக்கு வரை உள்ளே செலுத்தி அளந்து பாருங்கள். இப்போது விரித்திருக்கும் வாட்டத்தில் முன்பின்னாக 60 அங்குலமே கிடைப்பதால், இடுக்கில் செருக எதுவும் மிஞ்சியிருக்காது. 90 அங்குலம் முன்பின்னாக வருமாறு திருப்பினால் அந்தக் குறை தீரும்; 60 அங்குல அகலமோ கைப்பிடிகளுக்கு இடைப்பட்ட 62 அங்குலத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் மூடிவிடும்.

இடுக்கில் செருகிய துணி வெளியே வராமலிருக்க, ஒரு பழைய துண்டை இறுக்கமாகச் சுருட்டி, நூலால் கட்டி, துணியின் மேல் வைத்து இடுக்குக்குள் முழங்கையால் அழுத்தி இறக்குங்கள். சுருள் வெளியே தெரியாத ஆழத்தில் இருக்க வேண்டும்.

பதில் 2

மேலே சொன்னதோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். பின்புறத்திற்கு மட்டும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். விரிப்பின் பின் ஓரத்தில் இரு மூலைகளிலும் பருத்தி நாடா தைத்து, சோஃபாவின் பின்கால்களில் கட்டிவிடுங்கள். துணிச் சோஃபாக்களுக்குப் பயன்படும் திருகு ஊசிகளை ரெக்சினில் குத்தவே கூடாது, ஏனெனில் அந்தத் துளைகளிலிருந்தே அடுத்த கிழிசல் தொடங்கும். தரைவிரிப்புக்கு அடியில் போடும் வலைபோன்ற ரப்பர் விரிப்பைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆயினும் சில வகைகள் வெப்பத்தில் ரெக்சினோடு ஒட்டி நிறத்தை மாற்றிவிடும் என்பதால், கண்ணில் படாத ஒரு மூலையில் சில வாரங்கள் வைத்துப் பார்க்காமல் முழு இருக்கையிலும் போடாதீர்கள்.

உரிந்த செதில்களைக் கையால் பிய்த்தால் நல்ல பகுதியும் சேர்ந்து வரும். தூக்கி நிற்பவற்றைக் கத்தரியால் நறுக்கிவிட்டுத் துணியை விரியுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. துணியைத் திருப்பி விரித்து, துண்டுச் சுருளையும் செருகினேன். மாலை முழுவதும் வீட்டினர் உட்கார்ந்து எழுந்த பிறகும் சாய்மானத்தின் மேல் துணி அப்படியே இருக்கிறது. கைப்பிடிகளுக்கு ஒரு கருஞ்சிவப்புத் துணி வைத்திருக்கிறேன். ரெக்சின் வெளிர் பழுப்பு நிறம். சாயம் ஒட்டுமா என்பதுதான் என் கவலை. உப்பும் வினிகரும் கலந்த நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?

பதில் 3

நிற்காது. ஏற்கெனவே சாயம் ஏற்றப்பட்ட பருத்தியில் மிஞ்சியிருக்கும் சாயத்தை உப்போ வினிகரோ பிடித்து வைப்பதில்லை. நீர் தெளிவாக வரும்வரை தனியாகப் பலமுறை அலசி வெளியேற்றுவதே வழி. காய்ந்தபின், ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை நன்கு அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் இளஞ்சிவப்பு ஏறினால் அந்தத் துணியை வெளிர் ரெக்சினின் மேல் போட வேண்டாம், ஏனென்றால் அதில் இறங்கிய சாயத்தை எடுப்பது மிகவும் கடினம். அடியில் வெளுத்த பருத்தித் துணியை உள்துணியாகத் தைத்துக்கொண்டால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. வியர்வையோ சிந்திய நீரோ பட்டால் அதையும் தாண்டி இறங்கும்.

அழகைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோஃபாவின் முழு உடலையும் துணியால் மூடினால், ஊருக்குப் போனவர்கள் தூசுக்காக மூடிவைத்த வீட்டைப்போலத் தோன்றும். கைப்பிடியின் வெளிப்பக்கமும் கால்களும் தெரியட்டும். கைப்பிடித் துணியின் நிறம் விரிப்பில் எங்கேனும் ஓர் இழையிலாவது இருந்தால், இரண்டும் சேர்ந்தே வாங்கியவைபோலத் தெரியும். கைப்பிடிக்கு வழவழப்பான துணியைத் தவிர்த்து, சொரசொரப்பான கெட்டி நெசவைத் தேர்ந்தெடுங்கள். முழங்கை படும் இடம் அதுவே.

கேட்டவர்

தேய்த்துப் பார்த்தேன், வெள்ளைத் துணியில் நிறம் ஏறிவிட்டது. ஆகவே அதை விட்டுவிட்டு, விரிப்பின் ஓரக்கோட்டில் வரும் சாம்பல் நிறத்திலேயே கெட்டியான துணி எடுக்கவிருக்கிறேன். கடைசியாக ஒன்று: கைப்பிடித் துணி கெட்டியானாலும் சிறியது, எடை குறைவு என்பதால் அதுவும் நழுவுமோ?

பதில் 2

நழுவும். இரு ஓரங்களையும் சற்று அகலமாக மடித்துத் தைத்து, அந்த மடிப்புக்குள் திரைச்சீலைகளின் அடியில் கோக்கும் எடைச் சங்கிலியை நுழைத்துவிடுங்கள். உட்பக்க ஓரத்தை இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஐந்தாறு அங்குலம் இறக்குங்கள். துவைக்கும்போது சங்கிலியை உருவி எடுக்க வசதியாக, மடிப்பின் ஒரு முனையை மட்டும் தைக்காமல் விடுங்கள்.