குறைந்த செலவில் டெக், விதியும் மீறாமல்: உங்கள் அனுபவம் என்ன?

அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் டெக் (திறந்த மரத்தளம்) போட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். மலிவான மரம் தேடி அலைவதில் பெரிதாக ஒன்றும் மிச்சமாவதில்லை. காசு மிச்சமாவது வரைபடத்தில்தான்.

முதல் விஷயம் உயரம். பெரும்பாலான ஊர்கள் பின்பற்றும் ஐ.ஆர்.சி. (வீடு கட்டுவதற்கான மாதிரி விதித்தொகுப்பு) விதிப்படி, தளம் தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் போனால் சுற்றிலும் தடுப்பு கட்டாயம். அது 36 அங்குல உயரம் இருக்க வேண்டும், கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது. அந்தத் தடுப்புக்கு ஆகும் மரமும் வேலையும் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் தளத்தைத் தாழ்த்தி, வாசலிலிருந்து இறங்கப் படி வைத்துக்கொண்டேன். சரிவான நிலமாக இருந்தால் கவனம்: விளிம்புக்கு நேர் கீழே மட்டுமல்ல, அங்கிருந்து 36 அங்குலம் தள்ளி வரைக்கும் அளப்பார்கள்.

அடுத்து, வீட்டுச் சுவரோடு சேர்க்காமல் தனியாக நிற்கிற மாதிரி கட்டினேன். கூடுதலாக ஒரு உத்தரமும் தூண்களும் வேண்டும், உண்மைதான். ஆனால் வீட்டைத் தாங்கலாகக் கொள்ளாத டெக்குக்கு, நிலம் உறையும் ஆழம் வரை ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் குழி தோண்டி ஊற்றும் கான்கிரீட்) போகத் தேவையில்லை என்று ஐ.ஆர்.சி. விலக்குத் தருகிறது. குளிர்ப் பிரதேசத்தில் இது பெரிய சேமிப்பு. உங்கள் ஊர் இதைத் திருத்தி வைத்திருக்கலாம், முதலில் கேட்டுவிடுங்கள்.

200 சதுர அடிக்குள், தாழ்வாக, தனியாக நின்று, வீட்டின் பிரதான வாசலுக்கு வழியாகவும் இல்லாவிட்டால் ஐ.ஆர்.சி. பெர்மிட்டே கேட்பதில்லை. என்னுடையது பெரிது, எடுத்தேன். ஊரின் கட்டட இன்ஸ்பெக்டர் ஃபுட்டிங் குழிக்குள் டேப்பை இறக்கி அளந்தார், அப்புறம் அடியில் உதிர்ந்து கிடந்த மண்ணைக் காட்டி, "இதை அள்ளிவிட்டு ஊற்றுங்கள்" என்றார். அவர் பார்க்கும் முன் கான்கிரீட் ஊற்றிவிட்டால் தோண்டிக் காட்டச் சொல்லலாம்.

*

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். நாங்கள் வாங்கிய வீட்டில் முன்னவர் கட்டிய டெக் ஒன்று இருந்தது. டெக்கை வீட்டுச் சுவரோடு பிணைக்கும் லெட்ஜர் பலகையை வெறும் ஆணியால் அடித்திருந்தார்கள். மேலே தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ஃபிளாஷிங் தகடும் இல்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் அல்வாவில் இறங்குவது போல மரத்தில் இறங்கியது! டெக் இடிந்து விழும் பல விபத்துகளில் பிய்ந்து வருவது இந்த இடம்தான். அரை அங்குல போல்ட் அல்லது லேக் ஸ்க்ரூ (தடித்த மரத் திருகு) போட வேண்டும் என்று விதி சும்மா சொல்லவில்லை. இன்னொன்று: பதப்படுத்திய மரத்தில் செம்பு உப்பு இருக்கும், சாதாரண இரும்பை அரித்துவிடும். அதனால் ஹேங்கர் (சட்டங்களைத் தாங்கும் உலோகப் பிடி), போல்ட் எல்லாம் ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு) செய்ததாக வாங்குங்கள். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

*

என் பங்குக்கு ஒன்று. மேல் பலகையை மூலைவாட்டில் பதித்தால் அழகுதான், ஆசைப்பட்டேன். கணக்குப் போட்டதும் கைவிட்டேன். ஒன்றேகால் அங்குலம் என்று விற்கும் மரப்பலகை நேராகப் போனால் ஜாயிஸ்ட் (பலகையை அடியில் தாங்கும் சட்டம்) 16 அங்குல இடைவெளியில் போதும், மூலைவாட்டில் போனால் 12 அங்குலத்துக்கு ஒன்று வேண்டும். மரம், ஹேங்கர், ஆணி எல்லாமே கூடிவிடும். நேராகவே பதித்துவிட்டு, விளிம்பில் மட்டும் ஒரு வரிசை குறுக்கே ஓட்டினேன். பார்ப்பவர்கள் அதைத்தான் விசாரிக்கிறார்கள்.